எந்த ஊர் ஆறு மணி?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். வரைபடங்களில் யாங்கோன் என்றிருக்கும். வீட்டுக்குள் தமிழ் பேசும் எங்களுக்கு இன்னும் ரங்கூன்தான். பருப்பு ஏற்றுமதிக் கடைகளில் 1990 முதல் முப்பது ஆண்டு கணக்கெழுதி ஓய்ந்தவன். இப்போது விடிந்ததும் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் உங்கள் நாளிதழைத் திறப்பதுதான் என் உத்தியோகம். முதலில் இரங்கல் அறிவிப்பு, பிறகு பஞ்சாங்கக் கட்டம், பிறகு தங்கம் விலை, கடைசியில்தான் தலையங்கம். மன்னிக்கவும், வயது அப்படி.

உங்களிடம் கேட்க வந்தது இரண்டு சொற்கள். எங்கெல்லாம் மணி குறிப்பிடுகிறீர்களோ அங்கெல்லாம் பக்கத்தில் ‘இந்திய நேரம்’ என்று போடுங்கள். இரண்டு சொல்லுக்கு ஏன் இத்தனை நீளக் கடிதம் என்று தோன்றினால், சுருக்கி வெளியிடும் உரிமை உங்களுடையது. ஆனால் நீங்களாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலையில் மகாதீபம். மாலை 6 மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றப்படும், நேரலையில் பார்க்கலாம் என்று காலையிலேயே உங்கள் இதழில் படித்தேன். படித்ததோடு நிற்காமல் எங்கள் கட்டடத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நான்குக்கும் நானே படியேறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே மின்சாரம் முறைவைத்து வரும், முறைவைத்துப் போகும். அன்று மாலை போகும் முறை. ஆகவே என் கைப்பேசிதான் தொலைக்காட்சி. அதை அரிசி டின்னின்மேல் சாய்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் அகல் ஏற்றி வைத்தாள் என் மனைவி. ஐந்தே முக்காலுக்கெல்லாம் பதினோரு பேர் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மாள் பொரி உருண்டை செய்து தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். தீபம் தெரிந்த பிறகுதான் திறப்பேன் என்று மடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு அடித்தது. எங்கள் சன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். திரையிலோ மலை பகல் வெளிச்சத்தில் நிற்கிறது. “மழை பெய்ததல்லவா, தாமதமாகும்” என்றார் ஒருவர். அந்த மாதத் தொடக்கத்தில் அங்கே பெருமழையும் மண்சரிவும் ஏற்பட்டதை எல்லோரும் படித்திருந்தோம். ஆகவே எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். சென்னையோடும் தூத்துக்குடியோடும் தொலைபேசியில் பேசிப் பேசியே சோறு தின்றவன் நான். அங்கே ஒரு மணி நேரம் பின்னால் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இதழில் ‘மாலை 6’ என்று கண்ட கண், சுவர்க் கடிகாரத்திலும் 6 என்று கண்டதும் அடங்கிவிட்டது. அதற்குமேல் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை.

ஆறு ஐம்பதுக்குக் கைப்பேசி அணைந்தது.

அங்கே அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளிக் காட்சி கொடுப்பது ஆண்டுக்கு ஒருமுறை, தீபத்துக்குச் சற்று முன், அதுவும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் நாங்கள் பதினோரு பேரும் ஒரு கறுப்புக் கண்ணாடியைச் சுற்றி உட்கார்ந்து, யார் வீட்டுக் கைப்பேசியில் உயிர் இருக்கிறது என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தது. பதிவு செய்த காட்சியைப் போட்டேன். கீழ்வீட்டு அம்மாள் பார்க்க வரவில்லை. “பழைய சோறு எனக்கு வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பொரி உருண்டை மட்டும் வந்தது.

தவறு என்னுடையது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ‘6’-க்குப் பக்கத்தில் இரண்டு சொல் இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

ஒரு மணி நேரம்தானே என்பீர்கள். அந்த ஒரு மணிதான் ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு நம் பகல் அங்கே இரவு. கணக்குப் போடாமல் அவர்கள் தொலைபேசியைத் தொடுவதே இல்லை. எங்களுக்கும் உங்களுக்கும் நிமிட முள் ஒரே இடத்தில் நிற்கிறது. காலை காலையாகவே இருக்கிறது, மாலை மாலையாகவே இருக்கிறது. சந்தேகம் எங்கிருந்து வரும்? இந்திய மணிக்கு அடிப்படை மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82½ பாகைக் கோடு, எங்களுக்கு 97½. இடையில் 15 பாகை. பூமி அவ்வளவு திரும்ப ஒரு மணி நேரம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகத்தான் இருந்தது. அரசு ஒன்று, ரூபாய் ஒன்று, அப்போதும் மணி மட்டும் வேறு.

நாங்களாவது பரவாயில்லை. இந்தியாவுக்குக் கிழக்கே இருப்பவர்கள் இதழில் உள்ள மணியை அப்படியே நம்பினால் முந்திப் போய்க் காத்திருப்போம். நாங்கள் ஒரு மணி நேரம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இரண்டரை மணி நேரம். கால் மரத்துப்போகும், கைப்பேசி தாங்கினால் காட்சி கிடைத்துவிடும். மேற்கே இருப்பவர்கள் கதி அப்படியில்லை. மொரீஷியசிலும் ரீயூனியனிலும் மணி ஒன்றரை மணி நேரம் பின்னால்; தென்னாப்பிரிக்காவில் மூன்றரை. டர்பனில் ஒருவர் குளித்து விபூதி பூசி மாலை ஆறு மணிக்குத் திரை முன் உட்கார்ந்தால், திருவண்ணாமலையில் இரவு ஒன்பதரை. அவர் ஊர் மணிப்படி பிற்பகல் இரண்டரைக்கே தீபம் ஏற்றியாயிற்று. இரங்கல் அறிவிப்புகளை நினைத்துப் பாருங்கள். ‘இறுதி ஊர்வலம் மாலை 4 மணிக்கு’ என்று படித்துவிட்டு, கடைசியாக முகம் பார்க்கத் திரையைத் திறக்கும் ஒரு தம்பிக்கோ மகளுக்கோ அங்கே வெறும் பந்தல்தான் தெரியும்.

வியாபாரத்தில் நான் இந்தத் தவறு செய்ததே இல்லை. காரணம் என் புத்தியல்ல, என் முதலாளியின் கண்டிப்பு. எங்கள் பாயின்நவுங் மொத்தச் சந்தையில் உளுந்து விலை காலையிலேயே சூடுபிடித்துவிடும். கேட்ட விலையைச் சென்னைக்குச் சொல்லக் கை துறுதுறுக்கும். பதினொன்றரைக்கு முன் கூப்பிடக் கூடாது என்பது உத்தரவு. இங்கே பதினொன்றரை என்றால்தான் அங்கே பத்தரை, தரகர் கடை திறந்து சாமி படத்துக்குப் பூப்போட்டு உட்கார்ந்திருப்பார். அதைவிட முக்கியமான உத்தரவு ஒன்று: தொலைநகலில் மணி எழுதினால் ஊர் எழுதாமல் அனுப்பக் கூடாது. ‘பகல் 2 வரை இந்த விலை நிற்கும், ரங்கூன் நேரம்.’ ஊர் இல்லாமல் மணி எழுதிய ஒரு புதுப் பையனிடம் அவர், “உளுந்து ஆயிரம் என்று எழுதுவாயா? மூட்டைக்கா டன்னுக்கா என்று எழுதமாட்டாயா?” என்று கேட்டார். ஒரு பருப்பு வியாபாரிக்குத் தெரிந்தது இது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயணத்திலும் ஒருமுறை பட்டிருக்கிறேன். மனைவியோடு பாங்காக் வழியாகச் சென்னைக்கு வந்தபோது. பாங்காக் எங்களைவிட அரை மணி முன்னால். டிக்கெட்டில் புறப்படும் மணி புறப்படும் ஊருடையது, இறங்கும் மணி இறங்கும் ஊருடையது என்பது தெரியும். மனைவிக்கும் விளக்கிச் சொன்னேன், பெருமையாக. விமான நிலையத்தில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. சாவகாசமாகக் காப்பி வாங்கினேன். கைக்கடிகாரம் ரங்கூன் மணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது, எங்கள் இருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டபோதுதான் உறைத்தது. காப்பியைக் கீழே வைக்கவும் இடமில்லாமல், குவளையோடு ஓடினேன். அன்றிலிருந்து மனைவி என் கணக்கை நம்புவதில்லை. தீபத்தன்று எப்படியோ நம்பிவிட்டாள்.

இனி பஞ்சாங்கம். உங்கள் ‘இன்றைய நாள்’ கட்டத்தில்தான் குழப்பம் பெரிது. ஏனென்றால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு வகை மணி கலந்து கிடக்கிறது.

திதியும் நட்சத்திரமும் ஆகாயத்தில் நடப்பவை. சந்திரனும் சூரியனும் இத்தனை பாகை விலகினால் திதி மாறிற்று. அது மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் அவரவர் கடிகாரம் காட்டும் மணிதான் வேறு. ஆகவே ‘இரவு 7.10 வரை அமாவாசை’ என்று நீங்கள் போட்டால் நாங்கள் 8.10 என்று படிக்க வேண்டும். ராகு காலம் அப்படியல்ல. அது அந்தந்த ஊரில் சூரியன் எழுந்து விழும் பொழுதை எட்டாகப் பிரித்த ஒரு பங்கு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துச் சொல்வது. ரங்கூனில் எங்கள் கடிகாரப்படியும் சென்னையில் உங்கள் கடிகாரப்படியும் சூரியன் எழும் மணி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், சில நிமிடங்கள்தான் பேதம். எனவே ராகு காலத்தை மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கட்டத்தில் மேல் வரிக்கு ஒரு மணி கூட்ட வேண்டும், கீழ் வரிக்குக் கூட்டக் கூடாது!

என் மனைவி எல்லாவற்றுக்கும் கூட்டினாள். ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ராகு காலம் எட்டரை முதல் பத்து வரை நடந்தது. உண்மையான ராகு காலத்தில் பேத்தியைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போய், நல்ல நேரத்தில் வாசலில் நிறுத்திக் காக்கவைத்தோம். பேத்தி நன்றாகத்தான் படிக்கிறாள். அது வேறு விஷயம்.

விரத நாளிலேயே இது கைவைக்கும். ஒரு பேச்சுக்கு, சஷ்டி விடியற்காலை 5.40-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆறு மணிக்குச் சூரியன் எழும்போது சஷ்டி இல்லை. அதே சஷ்டி எங்கள் மணிப்படி 6.40 வரை இருக்கிறது. எங்கள் சூரியன் ஆறு மணிக்கே எழுந்துவிட்டது. உதயத்தில் இருக்கும் திதியைக் கொள்கிறவர்களுக்கு உங்கள் ஊரில் ஒரு நாள், எங்கள் ஊரில் மறுநாள். இதைக் கோயில் குருக்களிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். ஆனால் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு உங்கள் கட்டம்தான் குருக்கள்.

தென்கோளத்தில் இருப்பவர்களுக்கோ ராகு காலமே உதவாது. நமக்கு மார்கழியில் பொழுது குறுகும், அவர்களுக்கு அது கோடை. டர்பனில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்து மாலை ஏழுக்குப் பக்கத்தில்தான் இறங்கும். பதினான்கு மணி நேரப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றே முக்கால் மணி. ஒன்றரை மணி என்று அச்சிட்டதை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வார்கள்?

மணிக்குப் பக்கத்தில் ஊர் எழுதாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் அக்காவே சாட்சி. அக்கா இப்போது காரைக்குடியில் இருக்கிறார். பிறந்தது ரங்கூனில், 1943 சித்திரையில், ஜப்பான்காரன் காலத்தில். எங்கள் தகப்பனார் செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக வந்து அடுத்தாளாக உயர்ந்தவர். எதையும் எழுதிவைக்கிற கை. ‘காலை மணி 8’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, மஞ்சள் தடவி, பெட்டியில் வைத்திருந்தார். 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். மறு ஆண்டு அக்கா சின்னம்மாவோடு கப்பலேறினார். அந்தத் துண்டுத்தாளும் போயிற்று. ஊரில் ஜோசியர் அதை வைத்து ஜாதகம் கணித்தார். ரிஷப லக்கினம் என்றார். ஒத்துவந்த இடங்களையெல்லாம் அந்த ஜாதகம் தட்டிக்கழித்தது. இரண்டு வருடம் இப்படியே.

அப்பா இங்கிருந்து கடிதம் எழுதினார், அவருக்கே பின்னால்தான் நினைவு வந்திருக்கிறது. ஜப்பானியர் பிடித்த ஊர்களில் எல்லாக் கடிகாரமும் டோக்கியோ மணியில் ஓடியது. எங்கள் மணியைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அக்கா பிறந்த ‘காலை 8’ உண்மையில் விடியல் ஐந்தரை. மருத்துவச்சி வெளியே வந்து சொன்னபோது சூரியன் இன்னும் எழவில்லை என்பது அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மணி மட்டும் தாளில் எட்டு. திருத்திக் கணித்ததில் மேஷ லக்கினம் வந்தது. கல்யாணமும் அந்த வருடமே வந்தது. “எனக்கு ஜாதகம் இரண்டு, புருஷன் ஒன்று” என்று அக்கா இன்றும் சொல்வார். இந்தியாவிலும் அந்தப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். ஜாதகத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்களுக்காக நாடுவாரியாக மணிப் பட்டியல் போடச் சொல்லவில்லை. போட்டாலும் அது நிலைக்காது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முள்ளை முன்னே தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள்; அமெரிக்காவில் அதற்கு வேறு ஞாயிறுகள். கடையில் எனக்கு முன் கணக்கெழுதிய பெரியவர் ஒரு வித்தை காட்டினார்: முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் மணி தெரியும். நம் கடிகாரம் பன்னிரண்டு என்றால் தலைகீழாக ஆறரை. இந்தியாவில் இந்த வித்தை லண்டனின் குளிர்காலத்துக்குப் பலிக்கும், ரங்கூனில் கோடைக்காலத்துக்குப் பலிக்கும். அக்டோபர் வந்ததும் எங்களுக்கு ஒரு மணி தப்பிவிடும். கூட்டல் கழித்தல் எங்கள் பாடு, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். எந்த ஊர் மணியிலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். நேரலைச் செய்தியிலும் இரங்கல் அறிவிப்பிலும் ‘இந்திய நேரம்’. பஞ்சாங்கக் கட்டத்தின் தலையில் எந்த ஊருக்குக் கணித்தது என்று ஒரு வரி. முடிந்தால் சூரிய உதயமும் அஸ்தமனமும் எந்த ஊருடையவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளூரில் அச்சடித்து உள்ளூரில் விற்ற காலத்தில் இது தேவைப்படவில்லை. அன்று உங்கள் இதழ் எங்களுக்கு வந்து சேர வாரக்கணக்காகும். வரும்போது எல்லா ஆறு மணியும் முடிந்துபோயிருக்கும். இப்போது நீங்கள் பதிவேற்றிய நிமிடத்தில் நான் படிக்கிறேன்.

கார்த்திகை வரப்போகிறது. கீழ்வீட்டு அம்மாள் நேற்றே படியில் நிறுத்திக் கேட்டுவிட்டார், இந்தத் தடவை ஆறா ஏழா என்று. ஏழு என்றேன். “நீங்கள் சொல்லவேண்டாம், பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ரங்கூன்.